பெயரை மட்டும் மாற்றும் கடிதம்

கடிதம் ஏற்கெனவே இருக்கிறது,
நிந்தவூர்ச் சந்தியில், கொமினிகேஷன் பொடியனின் கணினியில்.
"தங்கள் சேவைக்கு மனமார்ந்த நன்றிகள்" என்று தொடங்கி
"உடனடியாக அமுலுக்கு வரும்" என்று முடியும்.
பெயரையும் திகதியையும் மாற்றினால் போதும்.
ஒரு பிரதி இருபது ரூபா.

மார்ச்சில் அதில் சுக்ரி சேரின் பெயர்.
மே மாதம் தயாபரன் மாஸ்டர்,
கல்முனையிலிருந்து வந்து
பஸ் காசு மட்டும் வாங்கிப்போன மனிசன்.
அவர் கடிதத்தில் ஓரிடத்தில்
சுக்ரியின் பெயர் அழியாமல் கிடந்தது.
ஒப்பமிட்ட செயலாளர் நான்தான்.

இப்போது ஜெஸீல்.
கட்டாரில் தண்ணி பவுசர் ஓட்டியவன்.
வெள்ளிக்கிழமைகளில் அங்கே
மலையாளத்துப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கியவன்.
வந்து ஆறு கிழமை. ஐந்து ஆட்டம்.
ஐந்தும் தோல்வி.

இஷாவுக்குப் பிறகு கூட்டம்,
தலைவரின் ஹாட்வெயாரில்,
சீமெந்து மூடைகளில் குந்தியபடி.
"அடிக்கச் சொல்லாம
பாஸ் குடு, பாஸ் குடு எண்டு நிக்கான் காக்கா.
நம்மட பொடியனுகளுக்கு இது சரிவராது."
"பொத்துவிலான் சிரிக்கான்."
"மறுகா என்ன, கடிதத்தக் குடுங்க."
தலைவர் தலையை ஆட்டினார்.
பதினொரு வருடமாய் அவர்தான் தலைவர்.
அந்தக் கணக்கை யாரும் எடுப்பதில்லை.

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்து இலிகிதன்,
எனக்கு எண்களைத்தான் தெரியும்.
"வாங்கின கோல் ஆறு, நாலு, நாலு, ரெண்டு, ஒண்டு.
இறங்குதா இல்லியா?" என்றேன்.
"இன்னும் ஒரு மெச்" என்றார் தலைவர்,
கடனுக்குக் கம்பி கொடுக்கிற குரலில்.

நேரம் கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்று
நான் சொல்லவில்லை.
நவ்சாத்துக்கு மூன்று வருடம் கொடுத்தோம்.
மூன்று வருடமும் கோட்டுக்கு வெளியே
கச்சான் காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்று
போன் பேசினான்.

ஞாயிற்றுக்கிழமையும் அதே கச்சான்.
தூக்கி அடித்த பந்தெல்லாம் கடற்பக்கம் போனது.
இடைவேளைக்கு முன்னமே மூன்று விழுந்தது.
மதிலில் இருந்தவர்கள்
என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்,
ஆறு, நாலு, நாலு, ரெண்டு, ஒண்டு, மூணு.

எழுபதாவது நிமிடம் இருக்கும்.
சப்ரான், இடது பின்வரிசை,
மீன்வாடியில் ஐஸ் உடைக்கிறவன்,
காலுக்கு வந்த பந்தை
வானத்துக்குத் தவிர வேறெங்கும் அனுப்பாதவன்,
பந்தை நிறுத்தினான்.
உள்ளங்காலில் வைத்துக்கொண்டு
நிமிர்ந்து பார்த்தான்.
ஒருவன் பாய்ந்து வருகிறான்.
"அடிடா! அடிடா!" மதில் முழுக்கக் கத்துகிறது.
அவன் அடிக்கவில்லை.
பக்கத்தில் நின்றவனுக்குத் தள்ளிவிட்டு
தானும் முன்னால் ஓடினான்.

அந்தப் பந்து ஏழு கால் மாறி
கம்பத்துக்கு வெளியே போனது.
ஸ்கோர் புத்தகத்தில் அதை எழுத இடமில்லை.
ஜெஸீல் கத்தவில்லை, கைதட்டவுமில்லை.
தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்தான்,
குடிக்காமல் மூடினான்.

இன்று திங்கள்.
பொடியன் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறான்.
"பேரச் சொல்லுங்க சேர்."
"இது வேற கடிதம் தம்பி. தலைவருக்கு.
அவகாசம் கேட்டு."
"எத்தின மாசம் எண்டு போட?"

சப்ரான் நிமிர்ந்து பார்க்க ஆறு கிழமை.
மற்றப் பத்துப் பேருக்கும் பெருக்கினால்
ஒரு வருடத்துக்கும் மேலே போகிறது.
அப்படிப் பெருக்கக் கூடாது என்பதும் தெரியும்.
ஒருவன் நிமிர்ந்தால் அடுத்தவன் சீக்கிரம் நிமிரலாம்,
நிமிராமலே போகலாம்.

"அந்த இடத்த வெறுமையா விடு."

அச்சு இயந்திரம் இருமி இருமிக்
கடிதத்தை வெளியே தள்ளுகிறது.
"பழைய கோப்ப அழிக்கட்டா சேர்?"

அடுத்த ஞாயிறு மருதமுனையோடு.

"வேணாம்" என்கிறேன்.
"இருக்கட்டும்."