வரைவு

சட்பரி நகராட்சிக்கு விலைப்பட்டியல் அனுப்பினோம்.
பயனர்களுக்கு அரைநாள், இருபது பேர் வரை.
நிர்வாகிகளுக்கு மூன்று நாள், தேர்வும் சான்றிதழும் சேர்த்து.
நேரமில்லாதவர்களுக்குக் காணொளிகள்,
ஓராண்டுச் சந்தா, யாரும் பார்ப்பதில்லை.
அவர்கள் கணக்குப் போட்டு வாங்கியது:
ஊழியர் அனைவருக்கும் காணொளி,
நிர்வாகி ஒரே ஒருவர்.

அவர் பெயர் ஏனோ.
நிக்கல் சுரங்கத்துக்கு வந்தவர்களோடு
பின்லாந்திலிருந்து வந்த பெயர்.
என் மொழியில் அதற்கு என்ன பொருள் என்று
நான் சொல்லவில்லை.
வடிகால் பிரிவில் இருபத்தாறு வருடம்.
உங்களை ஏன் தேர்ந்தார்கள் என்றேன்.
"அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை."

வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
கார்கள் உறையாமலிருக்க
சுவரிலிருந்து வந்த வயரில் கட்டுண்டு நின்றன.

முதல்நாள் அனுமதிகள்.
யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், யார் அழிக்கலாம்.
கொஞ்சம் யோசித்தார்.
"மூடியைத் திறக்கிற கம்பி என் வண்டியிலேயே இருக்கிறது.
ஆனால் குழிக்குள் இறங்கச் சீட்டு வேண்டும்.
அப்படித்தானே?"
ஒன்பது வருடமாகச் சொல்லித்தருகிறேன்.
பன்னிரண்டாம் சிலைடை
அவசரமாகத் தள்ளிவிட்டேன்.

பயிற்சிக்கென்று ஒரு பொய்க் களம் உண்டு.
பொய் நகரம், பொய் ஒப்பந்தங்கள்,
சம்பளமே கேட்காத பொய் ஊழியர்கள்.
இரவு பன்னிரண்டுக்கு எல்லாம் துடைக்கப்படும்.
"எல்லாமா?"
எல்லாம்.
"நகல்?"
இல்லை.
மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு
மறுபடி கேட்டார்.

இரண்டாம் இரவு விடுதி அறையில்
மறுநாளைக்கு வேண்டியதைச் சரிபார்க்க உள்ளே போனேன்.
*பயிற்சி மூன்று, மாதிரி.*
பதிப்பு பத்தொன்பது.
மாதிரியை யாரும் பத்தொன்பது முறை திருத்துவதில்லை.
சுட்டியை மேலே கொண்டுபோனாலே
முதல் வரிகள் தெரியும்படி
எங்கள் ஆட்கள் போன வருடம்தான் செய்தார்கள்,
வாடிக்கையாளர்கள் விரும்பிக் கேட்டது.

*மார்யா,
அன்றைக்கு நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்தது*

அவ்வளவுதான் தெரிந்தது.
மணி பதினொன்று முப்பத்தெட்டு.
நாற்பத்தொன்றாம் சிலைடு: நிறுத்திவைத்தல்.
ஒரு கட்டத்தில் டிக் போட்டால் போதும்,
எந்தத் துடைப்பும் அந்தக் கோப்பைத் தொடாது.
வழக்குக்காக, தணிக்கைக்காக என்று
காலையில் நான் சொல்லித்தர இருந்தது.
திறந்து பார்க்கவும் எனக்கு அதிகாரம் இருந்தது.
பார்த்தவர் பெயர் பதிவேட்டில் விழும்.
பதிவேடும் பன்னிரண்டுக்குத் துடைபடும்.
ஹீட்டர் டக் டக்கென்றது.
பல் துலக்கிவிட்டு வந்தேன்.
பதிப்பு இருபது.

அவரும் விழித்திருந்தார், இதே ஊரில் எங்கோ.
இப்போது திறந்தால் அவர் திரையோரத்தில்
என் பெயர் பச்சையாக எரியும்.
மடிக்கணினியை மூடியதற்கு
நேர்மை எவ்வளவு, இந்தப் பச்சை எவ்வளவு
என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மீட்டெடுத்தல்.
அழித்ததை எப்படி எடுப்பது, எத்தனை நாளுக்குள்.
எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்டவர்
ஒன்றும் கேட்கவில்லை.
இரண்டு டோனட் வாங்கி வந்திருந்தார்,
ஒன்று எனக்கு.

தேர்வில் எழுபத்திரண்டு. எழுபது போதும்.
தவறிய கேள்விகளில் ஒன்று:
வெளியிடாத வரைவை யார் பார்க்க முடியும்?
எழுதியவர் மட்டும் என்று குறித்திருந்தார்.
எழுதியவரும் நிர்வாகியும் என்று
முதல்நாளே சொல்லியிருந்தேன்,
அப்போது தலையாட்டினார்.
விளக்கட்டுமா என்றேன்.
"தெரியும்" என்றார், கோட்டுக்குள் கையை நுழைத்தபடி.
"தெரிந்துதான் போட்டேன்."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.
அச்சுப்பொறி சான்றிதழைத் துப்பியது,
ஏனோ சல்மேலா, நிர்வாகி, முதல் நிலை.

கீழே என் கார் வயர்
சுவரோடு உறைந்து, இழுக்க இழுக்க வரவில்லை.
ஏனோ வந்து
கையுறையைக் கழற்றி
செருகியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு
ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு உருவிக் கொடுத்தார்.