மூன்று நிமிட விளக்கு

எம்டன் என்றால் நமக்கு முதலில் கப்பல்,
பிறகு, ஏய்ப்பவனுக்கு ஒரு பெயர்.
அங்கே பிறந்தவர்களுக்கு அது வெறும் ஊர்;
மழைக்குச் செங்குத்தாகப் பெய்யத் தெரியாத ஊர்.

அங்கே ஒரு நிலவறை.
நவம்பர். மாலை நான்கரைக்கே ராத்திரி.
ஹில்கே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறாள்,
சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் அடியில் பழைய துண்டு விரித்து.
பின்விளக்கு எரியவில்லை என்று முந்தாநாள்
அபராதம் எழுதிக் கொடுத்த போலீஸ்காரி
அவளுடைய பள்ளித்தோழி.
தள்ளுபடி இல்லை.

விடியுமுன் ஐந்து மணிக்கு அவள் மடைக்கதவு திறக்க வேண்டும்.
கால்வாய்க் கரையோரம் எட்டு கிலோமீட்டர்.
பின்னால் வரும் லாரிகளுக்கு அவள்
நனைந்த இருட்டில் இன்னும் கொஞ்சம் இருட்டு.

முன்விளக்கு எரிகிறது. அதற்கு இரட்டைக் கம்பி.
பின்விளக்குக்கு ஒற்றைக் கம்பிதான்:
டைனமோவில் தொடங்கி, கீழ்க்குழாயை ஒட்டி,
பெடல் அச்சைச் சுற்றி,
மட்கார்டின் உட்புறமாய்ப் போய்ச் சேர்கிறது.
திரும்பி வர வழி? சைக்கிளின் உடம்பேதான்.
இரும்பை நம்பிப் போட்ட கணக்கு.

சிக்கல் அதுவல்ல.
(சிக்கல் அதுதான். ஆனால் அது பிறகு.)
இப்போதைய சிக்கல், கைகள் இரண்டே இருப்பது.
முன்சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் பின்னால் ஓடி வருவதற்குள்
டைனமோ டயரின் கழுத்தைப் பிடித்து நிறுத்திவிடுகிறது.
சுழற்று. ஓடு. நின்றுவிட்டது.
சுழற்று. ஓடு.
நடுவில் நிலவறை விளக்கு வேறு அணைகிறது.

மூன்று நிமிட விளக்கு அது.
மேல்மாடி ஓன்னோ வைத்த கெடு.
நிலவறை மின்சாரம் தன் மீட்டரில் ஏறுகிறதென்று
மார்ச் மாதம் கண்டுபிடித்தான்.
அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு
கதவில் ஒட்டும் சீட்டுகளில் மட்டும்.
"துணி காயப்போடும் கயிறு எல்லோருக்கும் பொது."
"இந்த வாரம் குப்பைத்தொட்டி முறை உங்களுடையது."
நீங்கள், உங்கள் என்று மரியாதை கூடிக்கொண்டே போனது.
சண்டை முற்றியதற்கு வேறென்ன அடையாளம் வேண்டும்.

உருளைக்கிழங்கு எடுக்க வாளியோடு இறங்கி வருகிறான் ஓன்னோ.
அவள் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுவதைப் பார்க்கிறான்.
மறுபடியும் பார்க்கிறான்.
வாளியை வைத்துவிட்டு, மண்டியிட்டு,
முன்சக்கரத்தில் கை வைக்கிறான்.
டவுன் பஸ் ஓட்டுகிறவன்; சீராகச் சுழற்றத் தெரிகிறது.

டைனமோ முனகுகிறது. சுவரில் ஒரு மஞ்சள் வட்டம்.
பின்னால் ஒன்றுமில்லை.
டக்.
நிலவறை அணைகிறது.
சுவிட்சை நோக்கி யாரும் எழவில்லை.

தடவிப் பார்க்கிறாள்: கம்பி இருக்கிறது,
முனை இறுகியிருக்கிறது.
விளக்கைத் தாங்கும் போல்ட்டைப் பேனாக்கத்தியால் நெம்ப,
கத்தி வழுக்கி,
அதன் நுனி போல்ட்டிலும்
அதன் வயிறு பெயின்ட் உரிந்த ஒரு வடுவிலும் பட
சிவப்பு.
ஒரு சிமிட்டல். போய்விட்டது.

"பெயின்ட்" என்கிறாள், இருட்டிடம்.
இதற்கு முன் இதை வைத்திருந்தவன் பூசிய நீலம்
போல்ட்டுக்கடியில் தடித்துக் கிடக்கிறது.
மின்சாரம் விளக்கு வரை வந்து,
திரும்ப வழியில்லாமல்
இத்தனை நாளும் அங்கேயே நின்றிருக்கிறது.

சுரண்டுகிறாள். நீலத்துக்கு அடியில் பச்சை,
பச்சைக்கு அடியில் செங்கல் நிறம்,
அப்புறம் சாம்பல்,
அப்புறம் இரும்பு, பால்பல் போல.

"இன்னும் கொஞ்சம் வேகமா சுத்து."
எட்டு மாதத்தில் முதல் வாக்கியம். அதுவும் ஒருமையில்.
சுற்றுகிறான்.
பின்விளக்கு சிவக்கிறது. இந்த முறை போகவில்லை.
அவள் மணிக்கட்டு சிவப்பு, வாளியின் விளிம்பு சிவப்பு.

பிறகு ஹில்கே வந்து சக்கரத்தை வாங்கிக்கொண்டாள்.
அவன் மூலையில் குனிந்து
முளைவிடாத கிழங்காகப் பார்த்துப் பொறுக்கினான்,
பதினொன்று,
அவள் சுழற்றிய வட்டத்துக்குள்.
யாருடைய மீட்டரிலும் ஏறாத வெளிச்சம்.

மறுநாளும் நிலவறை விளக்கு
மூன்று நிமிடத்தில் அணைந்தது.
குப்பைத்தொட்டிச் சீட்டும் கதவிலேயே இருந்தது.
'உங்களுடையது' என்பதை மட்டும் அடித்து
'உன்னுடையது' என்று எழுதியிருந்தது.