பன்னிரண்டு டாலர் தொண்ணூற்றேழு காசு

மார்லிஸின் கடையில் அந்தத் தூண்டில்கோல் பதினேழு டாலர்.
முழங்கை நீளம்கூட இல்லாதது,
உறைந்த ஏரியில் துளை போட்டு
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து பிடிப்பதற்கானது.
அதே கோல், அதே பச்சைப் பிடி,
அறுபது மைல் தள்ளிப் பெரிய கடையில்
பன்னிரண்டு டாலர் தொண்ணூற்றேழு காசு.

லவோனுக்குப் பல் பிடுங்கத்தான் அந்த ஊருக்குப் போனோம்.
அதனால் பெட்ரோல் கணக்கில் வராது
என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன் நான்.
பனிப்புயல் அடித்தால் பள்ளிக்கு விடுமுறை,
எனக்குச் சம்பளம் இல்லை.
நான்கு டாலர் மூன்று காசு
என் வீட்டில் ரொட்டியும் முட்டையும்.
இதைச் சொல்லும்போது யாரும் என்னை
அப்படிப் பார்க்க வேண்டாம்.

பெரிய கடையில் எல்லாம் உண்டு.
உயிரோடு ஒரு மீன்குஞ்சு மட்டும் கிடையாது.

அதனால் சனிக்கிழமை விடியுமுன்
மார்லிஸின் கதவைத் தள்ளினேன்.
தொட்டி மோட்டாரின் உறுமல்,
மண்புழுவும் அவளுடைய மதியச் சாப்பாடும்
ஒன்றாகக் குடியிருக்கும் குளிர்பெட்டி,
ஊறுகாய் வாளி நிறையப் பழைய ரீல்கள்,
எது எடுத்தாலும் மூன்று டாலர்.
கையை முழங்கைவரை சுருட்டி வலையை முக்கினாள்.
டஜன் கேட்டால் பதினான்கு விழும்.
எண்ணத் தெரியாமல் இல்லை.

என் கக்கத்தில் கோல்.
கோலில் மஞ்சள் விலைச்சீட்டு.

"நரம்பு சுத்தணுமா, டெல்மர்?"
"ஆமா."
"இங்க வாங்கினா சும்மா. இல்லேன்னா ரெண்டு டாலர்."

வானொலியில் காற்றின் வேகம் சொல்கிற குரல்.
சூடும் இல்லை, குத்தலும் இல்லை.
கொடுத்தேன்.
பென்சிலில் நரம்புருளையைக் கோத்து என்னிடம் நீட்டினாள்.
நான் பிடித்துக்கொள்ள
ஈரத்துணியால் நரம்பை இறுக்கிப் பிடித்தபடி
அவள் ரீலைச் சுற்றினாள்.
ஒரு சுற்றுகூடத் தளரவில்லை.
கொஞ்சம் தளர்த்தியிருக்கலாம்,
எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏரியில் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
துளையோரம் உட்கார்ந்து சீட்டைச் சுரண்டினேன்.
குளிரில் பசை கல்லாகிவிட்டது.
நகம் போனது, சீட்டு போகவில்லை.
பக்கத்துத் துளைக்காரன் ஓர்வில் ஹாகன்
எழுத்துக்கூட்டி ஊருக்கே கேட்க வாசித்தான்:
"பன்னிரண்டு... தொண்ணூற்றேழு!"
சிரித்தபடி தன் கோலை உயர்த்திக் காட்டினான்.
அதே பச்சைப் பிடி, அதே இடத்தில்
சதுரமாக ஒரு பசைத்தடம்.
"வண்டியில ஹீட்டர் போட்டு உரிக்கணும், மடையா."

அன்று ஏழு பெர்ச் கிடைத்தன.
ஏழும் மார்லிஸின் குஞ்சுகளைத்தான் விழுங்கின.

பிப்ரவரியில் அவள் தொட்டிகளில் ஒன்றை நிறுத்திவிட்டாள்.
மின்கட்டணம் என்றாள், வேறு பேச்சு இல்லை.
நான் வாளியைக் கிளறி மூன்று டாலர் ரீல் ஒன்று எடுத்தேன்.
தேவை இருந்ததா என்றால், பாதி இருந்தது.
அவள் கைப்பிடியைச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டாள்.
"இது வேண்டாம், பல்லு தேஞ்சிருக்கு"
என்று உள்ளே போட்டு இன்னொன்றைத் தேடினாள்.
இப்படி வியாபாரம் செய்தால்
தொட்டி எப்படி ஓடும் என்று கேட்க வாய் வந்தது.
கேட்கிற யோக்கியதை என் கோலில் ஒட்டியிருந்தது.

"முள்ளு?"
"மூணு போதும்."
பெரிய கடையில் பத்துக்குக் குறைந்து தரமாட்டார்கள்.
மார்லிஸ் கத்தியை எடுத்தாள்,
புதுப் பொட்டலத்தின் வயிற்றைக் கீறினாள்,
மூன்றைச் செய்தித்தாள் துண்டில் மடித்தாள்.
மிச்சம் ஏழும் கல்லாவுக்குப் பக்கத்தில்
ஒரு தேநீர்த் தட்டில் கிடந்தன,
அடுத்து வரப்போகிற
மூன்று முள்காரர்களுக்காக.