பன்னிரண்டு அடிக்கு ஒரு நிமிடம்

ஐந்து ரோட்டிலிருந்து ஸ்பிரிங் தராசோடு
விடியுமுன் கிளம்பும் பஸ்ஸைப் பிடித்தேன்.
இருபது கொண்டை ஊசி வளைவு.
ஒவ்வொன்றிலும் தராசின் கொக்கி
முழங்காலைக் குத்தியது.

ஏற்காட்டில், காப்பிக்கொட்டை பொறுக்கும் பெல்ட்டுக்கு
மோட்டார் சொல்ல வேண்டும்.
பன்னிரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம்,
நாலு அங்குல உருளை.
"ஒரு குதிரைத்திறனே போட்டுடுங்க,
எதுக்கும் இருக்கட்டும்" என்றார் லூர்துநாதன்.
எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கியவைதான்
என் பட்டறை மூலையில் பாதிக்கு மேல்.

பெல்ட்டின் ஓரத்தில் கொக்கியை மாட்டி இழுத்தேன்.
பனி. பேரிங்கில் கிரீஸ் உறைந்திருந்தது.
முள் பதினான்கு கிலோவைத் தொட்ட பிறகே
முனகிக்கொண்டு நகர்ந்தது.
வெயில் வந்ததும் மறுபடி இழுத்தேன்: ஒன்பது.
மத்தியானத்தை நம்பி மோட்டார் வாங்குகிறவன்
மார்கழிக் காலையில் ஃபியூஸ் மாற்றிக்கொண்டிருப்பான்.

பேப்பரில் வந்தது ஒன்பது வாட்.
ஜீரோ வாட் பல்பு அதைவிட அதிகம் குடிக்கும்.
கியரில் உராய்ந்து தொலைவது,
கிளம்பும்போது திணறுவது,
சாயங்காலமானால் நூற்றெழுபதுக்கு இறங்கும் வோல்ட்டேஜ்,
எல்லாம் சேர்த்து
கால் குதிரைத்திறன். தாராளம்.
அறுபதுக்கு ஒன்று கியர்பாக்ஸ்,
அதன்மேல் பாதியாக்கும் சங்கிலி;
ஆயிரத்து நானூற்று நாற்பது சுற்று
பன்னிரண்டாய்த் தேய்ந்து உருளைக்கு வரும்.
சிங்கிள் ஃபேஸை வாங்கி
மூன்றாய்ப் பிரித்துக் கொடுக்கும் டிரைவ் ஒன்று, சுவரில்.

ஆனால் பன்னிரண்டு சுற்று சரியா என்று
பேப்பர் சொல்லவில்லை.

இடப்பக்கம் செவத்தாயி, வலப்பக்கம் பிலோமினா.
வாட்ச்சைப் பார்த்தபடி உருளையைக் கையால் சுற்றினேன்.
கறுப்பு, உடைசல், பூச்சி துளைத்தது,
விரல்கள் கொத்திக் கொத்தி எடுத்தன.
கொஞ்சம் கூட்டினேன்.
"அண்ணா, நிறுத்துங்க" என்றாள் செவத்தாயி.
"பெல்ட் நிக்குது. நாங்கதான் ஓடறோம்."

பஸ்ஸின் கிறுகிறுப்பு எனக்கே இன்னும் இறங்கவில்லை.

பன்னிரண்டு அடிக்கு ஒரு நிமிடம் என்று எழுதிக்கொண்டேன்.
பூச்சிக்கொட்டை அதிகம் வரும் நாளில்
அதுவும் வேகம் என்றாள் பிலோமினா.
குமிழைத் திருப்பினால் குறையும் என்றேன்.
"குமிழ் எங்க இருக்கும்?"

நான் யோசித்திருக்கவில்லை.
லூர்துநாதன் யோசித்திருந்தார்:
"என் ரூம்ல. மேஜைக்குப் பக்கத்துல."

மோட்டார் திணறினால்
டிரைவ் சிவப்பு எழுத்தில் சொல்லிவிட்டு நின்றுவிடும்.
செவத்தாயிக்கு அந்த வசதி இல்லை.

அடுத்த வாரம் எல்லாம் ஜீப்பில் ஏறியது.
சங்கிலிக்கு உபரி லிங்க், கியருக்கு எண்ணெய்,
எலி கடிக்காதிருக்க இரும்புக் குழாய்.
அவர் அறைக்குக் கேபிள் பதினோரு மீட்டர்.
அதை மறந்துவிட்டேன் என்றேன்.

குமிழைப் பெல்ட்டின் காலில் மாட்டினேன்,
இருந்த இடத்திலிருந்தே இருவருக்கும் எட்டும்படி.
"அடுத்த தடவை வர்றப்ப கொண்டு வாங்க."
"ஆகட்டும் சார்."

பில்லில் கடைசி வரி:
கேபிள், இரண்டு மீட்டர்.