பால் வந்து முட்டும்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
ஸ்டார்வின் கடை மேசையில் இரண்டு வகை டிஸ்க்.
ஒன்று என் பிக்கப் பிறந்தபோதே இருந்ததன் மறுபதிப்பு,
வெறும் இரும்பு, ஜோடி நாலாயிரத்து எண்ணூறு.
மற்றது துளையிட்டு, கோடு கீறி,
எண்ணெய்த்தாளில் சுற்றி வந்திருந்தது.
பதினோராயிரத்து அறுநூறு.
நகத்தால் தட்டிப் பார்த்தேன்.
இரண்டும் ஒரே மாதிரிதான் ஒலித்தன.

நடுவில் ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய்.
அந்தத் தொகையை எனக்கு நேரில் தெரியும்.
ஆன்றினாவின் நர்சிங் கல்லூரி பஸ் கட்டணம்.
அடைமழையில் பால்வெட்டு நின்றுபோன ஜூனில்
வீட்டுக்குள் வராமல் வாசலோடு திரும்பியது.

"இதப் போட்டா சீக்கிரம் நிக்குமா?"
விற்க வேண்டியவன், பொய் சொல்லியிருக்கலாம்.
"நிறுத்தியது டயராக்கும் அக்கா.
ஒரு தடவ நிறுத்த ரெண்டும் ஒண்ணுதான்.
நாப்பதாவது தடவையில வித்தியாசம் தெரியும்."

பதினோரு வருடமாய் மிதிக்கிற கால்,
ஒருநாளும் கணக்கு வைத்ததில்லை.

மறுநாள் பத்துகாணியில் எட்டுப் பேரல் ஏற்றி
இறங்கும்போது எண்ணினேன்.
சிலுவை வளைவு வருவதற்குள் ஏழு.
அன்னாசிக் கடை முன்னால் படுத்திருந்த நாய்க்கு இரண்டு,
முதலாவதுக்கு அது எழுந்திருக்காததால்.
இருபத்தொன்றில் மழை.
அரசுப் பேருந்து முழு உடம்போடு ஏறி வந்தபோது
முப்பத்து மூன்று.
முப்பத்தெட்டில் அந்த வாசனை, சிரட்டை கருகுவதுபோல.
நாற்பத்தொன்றில் பெடல்
ஊறிய அவலாகக் காலடியில் குழைந்தது.
வண்டி நின்றது.
யோசித்து நின்றது.
பிறகு, எப்போதும்போல ஒரு நொடி கழித்து,
பின்னாலிருந்து பால் வந்து முட்டியது.

ரப்பர் பால் ஏற்றாதவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.
செங்கல்லை நிறுத்தினால் நிற்கும்.
நுரைக்கு இடம்விட்டு முக்கால் நிரப்பிய பேரலில்
பால் இன்னும் மலை இறங்கிக்கொண்டிருக்கும்.
நான் நின்றுவிட்டேன் என்பதை
அதற்கு யாரும் சொல்வதில்லை.

களியல் சாயாக்கடை ஓரம் ஒதுக்கி
முன்சக்கரத்தில் மழை ஆவியாவதைப் பார்த்தேன்.
ஆறு பேரல் போதுமே.
சாதா டிஸ்க், நல்ல பேட், இரண்டாம் கியர்.
கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டு
இன்னொரு சாயா சொன்னேன்.

ராத்திரி ஜஸ்டஸ் எஸ்டேட் ரசீதின் பின்பக்கம் எழுதினார்:
"பேரலுக்கு நூறு. ரெண்டு கொறஞ்சா நடைக்கு இருநூறு.
முப்பத்தி நாலாவது நடையில
அந்த டிஸ்குக்க காசு போயிருக்கும்.
டிஸ்கு மட்டும் கடையிலேயே இருக்கும்."

"செரி, அத போட்டுட்டா?
ரைட்டர் ரெத்தினசுவாமி பத்து ஏத்தச் சொல்லுவாரு."
"மாட்டேன்னு சொல்லு."
"ஏத்துவேன். எனக்க புத்தி எனக்குத் தெரியும்."
அவர் ரசீதை மடித்தார், விரித்தார்.
அதற்குப் பேனாவில் கணக்கு இல்லை.

சனிக்கிழமை துளை போட்டதையே மாட்டினேன்.
ஸ்டார்வின் விலையில் முந்நூறு குறைத்தான்,
புது பிரேக் ஆயிலுக்கென்று அதையே திரும்ப வாங்கினான்.
ஒன்பதாவது பேரல் நிற்கக்கூடிய இடத்தில்
ஸ்டெப்னியைக் கிடத்தி, போல்ட் போட்டு,
போல்ட்டின் தலையை வெல்டிங் வைக்கச் சொன்னேன்.
"இதெதுக்கு அக்கா? பஞ்சரானா?"
"பஞ்சரானா பாப்போம்."

திங்கள் இறக்கத்தில் நாற்பத்தொன்று வந்தது.
பெடல் கெட்டியாக, காலையில் இருந்த இடத்திலேயே இருந்தது.
நாற்பத்து நாலுக்குப் பிறகு எண்ண மறந்துவிட்டேன்.
அது நல்லதா என்று தெரியவில்லை.
செக்போஸ்டில் கை காட்டினார்கள்.
நின்றேன்.
ஒரு நொடி.