எண்பத்தோரு சென்டிமீட்டர்

புகார் எண் பதினாறு,
முந்நூற்றொன்பதாம் வீட்டிலிருந்து:
'சிறிய கார் மட்டும்' என்று எழுதிய கட்டத்தில்
நிரோஜாவின் மினி
மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறதாம்.

குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் நான்.
போட்டியில்லை. அந்தக் கூட்டத்துக்கு
நான் பிந்தி வந்தேன், அவ்வளவுதான்.
அளவுநாடாவை எடுத்துக்கொண்டு
சிட்னியின் ஜெட்லாண்டில்
எங்கள் கட்டடத்தின் அடிவயிற்றுக்கு இறங்கினேன்.

புது வண்டி. மின்சாரத்தில் ஓடுவது.
கறிவேப்பிலைப் பச்சை, கூரை மட்டும் வெள்ளை.
பழைய முகத்தையே வைத்திருக்கிறார்கள்:
அதே வட்டக் கண், அதே வியப்பு.
மூக்கும் முழியும் சரி.
உடம்புதான், கல்யாணம் ஆனவர்களுக்கு வைப்பதுபோல்
வைத்துவிட்டது.
முந்நூற்று எண்பத்தாறு.
இரண்டு முறை அளந்தேன்.

"பெயரே மினி, அண்ணா," என்றாள் நிரோஜா.
"இதற்குமேல் சான்றிதழுக்கு எங்கே போவது?"

அடுத்த கட்டம் டேமியனுடையது. நீளக் கட்டம்.
அதில் அவன் வண்டி
அண்ணன் சட்டை போட்ட பிள்ளை மாதிரி.
எழுபத்திரண்டில் செய்தது.
முந்நூற்று ஐந்து. பத்தங்குலச் சக்கரம்.
செய்தது எங்கே என்றால், இங்கே.
கதை அளக்கவில்லை: இந்த அடுக்குமாடிகளுக்கு முன்
இங்கே கார்த் தொழிற்சாலை இருந்தது,
அதற்கு முன் பந்தயக் குதிரைகள் ஓடின,
அதற்கும் முன் சதுப்பு, கடிகல் மக்களின் நீர்.
மழை பெய்தால் எங்கள் பம்பு இன்னும்
விடிய விடிய அதைத்தான் இறைக்கிறது.
டேமியனின் வண்டி நாடெல்லாம் சுற்றி,
டப்போவில் ஒரு கோழிக்கொட்டகையில்
பதினோரு வருஷம் கிடந்து,
பிறந்த இடத்துக்கு
இரண்டு தளம் கீழே வந்து நிற்கிறது.
அதற்கு அது தெரியாது. எண்ணெய் சொட்டுகிறது.
கீழே ஒரு பீட்சா அட்டை.

டேமியன் சமையற்காரன். பூண்டு மணக்கும் கையால்
சோக்கை இழுத்துக் காட்டினான்.
இருமல், இருமல், ஒரு வசவு, பிறகு
தூண்களெல்லாம் அதிர ஒரு குரல்.
நிரோஜாவும் தன் வண்டியை எழுப்பினாள்.
தோசைக்கல் அகலத்துக்குத் திரை வட்டமாய் ஒளிர்ந்தது.
ஒலிபெருக்கியிலிருந்து ஒரு சத்தம்:
எஞ்சின் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று
யாரோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து இயற்றியது.
நான் சிரித்துவிட்டேன்.
டேமியன் சிரிக்கவில்லை.

பழசு வைத்திருப்பவன் புதுசைப் பழிப்பான்
என்றுதான் எதிர்பார்த்தேன்.
அவன் அவள் கதவைத் திறந்து
அதன் தடிமனைக் கையால் அளந்தான். ஒரு சாண்.
தன் கதவைத் திறந்தான்.
தகரம். மூன்று விரல்.
"ஒரு பஸ் தும்மினால் போதும்,
நான் தக்காளி சாஸ்," என்றான்.
பிறகு அவனே சொன்னான்: "இடத்தை மாற்றிக்கொள்வோமே."

மாற்றினோம். ஒரு சிக்கல்.
சார்ஜர் இருப்பது சின்னக் கட்டத்துச் சுவரில்.
கேபிள் தரையில் கிடக்கக் கூடாது:
விதி இருபத்திரண்டு,
நானே தட்டச்சு செய்தது.

அதனால் இப்போது இரவுகளில்
சுவரிலிருந்து கிளம்பும் கேபிள்
பழைய மினியின் கூரைமேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி,
புதிய மினிக்குள் போகிறது.
பெயின்ட் கீறாமலிருக்க
டேமியன் சமையலறைத் துண்டொன்றை
நாலாக மடித்துப் போட்டிருக்கிறான்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
புகார் பதினாறு, தீர்ந்தது.
துண்டைப் பற்றி எழுதவில்லை.

முந்நூற்றொன்பது இப்போது வேறொன்று கேட்கிறார்:
சிறிய கார் என்றால்
துல்லியமாக எத்தனை சென்டிமீட்டர்?
அவருடைய வண்டி ஐந்து மீட்டர்.
அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன்.

நேற்று குப்பையோடு இறங்கிப் போனேன்.
கொஞ்ச நேரம் அசையாமல் நின்றதில்
ஆள் இல்லையென்று நினைத்து விளக்கு அணைந்தது.
இருட்டில் ஒரு பச்சைப் புள்ளி
விட்டு விட்டு எரிந்தது.
அட்டைமேல் ஒரு சொட்டு.
வெகுநேரம் கழித்து
இன்னொன்று.