மூலை

திரும்பி வந்த மஞ்சள் கேன்கள் நாற்பத்தொன்று.
எல்லாம் ஒரே இடத்தில் விட்டிருந்தன,
கைப்பிடி உடலில் சேரும் அந்தச் செங்கோணத்தில்.
பைன்டவுன் தொழிற்சாலையின் பின்கதவருகே
வரிசையாகப் படுக்கவைத்து
பல் டாக்டர் மாதிரி குனிந்து பார்த்தேன்.
மயிரிழையாகத் தொடங்கி
வெளுத்துப்போய்ப் பிளந்த கோடு.

இருபது லிட்டர்.
வெள்ளத்தில் குழாய்கள் அடித்துப்போன பிறகு
டேங்கர் லாரிக்குக் காத்திருக்கும் தெருக்களுக்காக
நான் வரைந்தது.
வரைந்தபோது பிடித்துத்தான் இருந்தது.
நேராக, யோக்கியமாக நின்றது.

கார் நிறுத்துமிடத்தில் ஓர் அத்திமரம்.
இரண்டு வருஷமாக அதன் கீழேதான் வண்டியை விடுகிறேன்.
பறவை எச்சத்துக்குத் திட்டுவதைத் தவிர
எங்களுக்குள் பேச்சில்லை.
அன்று உடைந்த கேனோடு அண்ணாந்தேன்.
கிளை பிரியும் இடத்தில் கோணமே இல்லை,
ஆறிக்கொண்டிருக்கும் பாகு மாதிரி ஒரு வழிவு.
பாரம் இழுக்கும் பக்கம்
மரம் கொஞ்சம் சதை கூடப் போட்டிருந்தது.
இழுக்காத பக்கம் கடுங்கஞ்சம்.

கணினிக்கு அதையே சொன்னேன்:
வலிக்கிற இடத்தில் தடி,
சும்மா இருக்கிற இடத்தில் மெலி.
ராத்திரி முழுக்க அது கணக்குப் போட்டது.
காலையில் திரையில்
எலும்பா பூசணியா என்று தெரியாத ஒன்று
புரண்டு படுத்திருந்தது.

அச்சு செய்யும் தேசிகன் மூட்லி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இதுக்கு அச்சை எங்கே பிரிக்கிறது?"
இயற்கையில் மூலையே கிடையாது என்றேன்,
கொஞ்சம் கர்வமாக.
அவர் சாப்பாட்டு டப்பாவிலிருந்த உப்பைக்
கறுப்பு மேஜையில் கொட்டி
பூதக்கண்ணாடியை என் பக்கம் தள்ளினார்.
"எண்ணு."
ஒவ்வொரு பரலும் ஒரு பெட்டி.

இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஆனாலும் மாதிரி ஒன்று செய்தோம்.
தண்ணீர் நிரப்பித் தரையில் வைத்தேன்.
உருண்டை அடி.
அது ஒரு கணம் யோசித்து,
சாய்ந்து,
அவசரமே இல்லாமல் உருண்டு
ஃபோர்க்லிஃப்ட் சக்கரத்தில் போய் முட்டி நின்றது.
பேக்கிங் பிரிவே சிரித்தது.

நொகுபோங்கா சிரிக்கவில்லை.
தலைத்துணியை அவிழ்த்தாள், முறுக்கினாள்,
வளையமாக்கி உச்சியில் வைத்தாள்.
"ஏத்திவிடுங்க."
இரண்டு பேர் ஏற்றினோம்.
கைகளைத் தொங்கவிட்டபடி
கிடங்கின் கடைசி வரை போய்
எதிரே வந்த வண்டிக்கு ஒதுங்கி
திரும்பி வந்தாள்.
மூடியோரம் ஒரு சொட்டுக்கூட இல்லை.

அந்த வளையத்துக்கு இன்காத்தா என்று பெயர் சொன்னாள்.
என் நாக்கில் வேறொன்று வந்து நின்றது:
சும்மாடு.
எங்கே கேட்டேனோ.
என் வீட்டில் எவரும் தலையில் எதையும் சுமந்து
நான் கண்டதில்லை.
சுமையைக் கரையிலேயே விட்டுவிட்டு
சொல் மட்டும் கப்பலேறியிருக்கிறது.

மரத்திடம் கேட்டிருந்தேன்.
உப்பு கேட்காமலே சொன்னது.
கழுத்தைக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.
அதுவும் வளர்ந்ததுதான்,
அதற்கும் பாரம் தெரியும்.

இப்போது கேனின் அடியில் ஒரு குழி,
குழியைச் சுற்றி ஒரு வளையம்.
தரையில் உட்காரும், தலையிலும் உட்காரும்.
லாரியில் அடுக்க
நாலு மூலையாவது கொடு என்றார் தேசிகன்.
கொடுத்தேன்,
கீழே, எதுவும் இழுக்காத இடத்தில்.
உப்புக்கு மரியாதை.

பழைய நாற்பத்தொன்றையும் அரைத்துக்
குருணையாக்கிப் புதியதில் கலந்தார்கள்.
சரியாகக் கலக்கவில்லை.
நீலத்தில் அங்கங்கே மஞ்சள் பொட்டு.
டிசைனா என்று கேட்டார்
நகராட்சியிலிருந்து வந்தவர்.
நான் வாயைத் திறப்பதற்குள்
ஆமாம் என்றார் தேசிகன்.